நுண்ணலை அடுப்பும் முட்டையும்

தீயை ஆளக் கற்ற காலந்தொட்டு மனிதன் உணவை வெளியிலிருந்து உள்ளே சுட்டு வந்திருக்கின்றான். அடுப்பின் வெம்மை முதலிற் பானையைச் சுடுகின்றது. பானை தன்னுள் இருக்கும் நீரைச் சுடுகின்றது. நீர் அரிசியைச் சுடுகின்றது. வெம்மை படிப்படியாக உட்செல்லும் இம்முறையிலேயே உலகத்துச் சமையல் பல்லாயிரம் ஆண்டுகளாக நடைபெற்று வந்தது. வன்னிக் கிராமங்களிற் பாலை விறகு எரியும் அடுப்புகளில் இன்றும் இதுவே முறை.

ஆயினும் அண்மைக் காலத்தில் அவ்வடுப்பின் அருகே வேறோர் அடுப்பும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வழங்கலின் பயன் கிட்டாதிருந்தது. குப்பி விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் பாடம் படித்த காலம் அது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் மின்கம்பங்கள் நாட்டப்பெற்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் உட்கிராமங்களுக்கும் படிப்படியாக மின்சாரம் சென்றது. மின்சாரத்தைத் தொடர்ந்து மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தன. அவற்றின்பின் வந்தது, மக்கள் ‘மைக்ரோவேவ்’ என வழங்கும் நுண்ணலை அடுப்பு.

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் வாங்கிக் கொடுத்துச் செல்லும் அன்பளிப்பாகச் சில வீடுகளை அஃது அடைகின்றது. பட்டினத்துக் கடையில் தவணை முறையில் வாங்கிய பொருளாகச் சில வீடுகளை அடைகின்றது. அதனோடு வரும் கைந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்திருத்தலால், அது வந்த பெட்டியினுள்ளேயே தங்கிவிடுகின்றது. அடுப்பு மட்டும் குசினிக்குட் செல்கின்றது.

இத்தகைய வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். தாய் வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்றிருக்கின்றாள். பாடசாலை விட்டு வந்த பிள்ளை, காலையில் அவித்து வைத்த முட்டையொன்று ஆறிக் கிடப்பதைக் காண்கின்றது. விறகடுப்பை மூட்டாதே என்று தாய் சொல்லியிருக்கின்றாள். ஆதலால் அப்பிள்ளை நுண்ணலை அடுப்பின் கதவைத் திறந்து, முட்டையை முழுதாக உள்ளே வைத்து, பொத்தானை அழுத்துகின்றது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. இதில் என்ன தீங்கு நேரப் போகின்றது என்றே எவரும் நினைப்பர். ஆனால் இச்செயலால் முகம் வெந்தோரும் கண்ணிற் காயமுற்றோரும் உலகில் உளர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றுள்ளன. அத்தீங்கு எதனால் உண்டாகின்றது, அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பனவே ஈண்டு எடுத்துரைக்கப்படுவன.

நுண்ணலை அடுப்பின் பிறப்பு வரலாற்றிலேயே முட்டைக்கு ஓரிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பகை விமானங்களைத் தொலைவிலேயே கண்டறியும் ‘றேடார்’ கருவிக்கு ஆற்றல் மிக்க நுண்ணலைகள் தேவைப்பட்டன. 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ராண்டல், ஹாரி பூட் ஆகிய இருவரும் அவ்வலைகளை உண்டாக்கவல்ல மக்னெற்றன் குழாயைத் திருத்தமுற அமைத்தனர். போர் முடிவெய்திய 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரேதியன் நிறுவனத்திற் பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர் என்பார், இயங்கிக்கொண்டிருந்த மக்னெற்றன் ஒன்றின் அருகே நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகியதைக் கண்டார். பின்னர் அவர் சோள மணிகளை அதன் அருகே வைத்தார், அவை பொரிந்தன. அடுத்து ஒரு முட்டையை வைத்தார். அது வெடித்து, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த உடன்பணியாளர் ஒருவரின் முகத்திலே தெறித்தது என்று கூறப்படுகின்றது. அதே ஆண்டில் ஸ்பென்சர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரினார். 1950இல் அது வழங்கப்பெற்றது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆறடி உயரமும் ஏறத்தாழ 340 கிலோகிராம் எடையும் உடையதாயிருந்தது. மேசைமீது வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று. கருவி சிறுத்தது, ஆனால் அதனுள் முட்டை நடந்துகொள்ளும் முறை மட்டும் மாறவில்லை.

இவ்வடுப்பு எவ்வாறு உணவைச் சுடுகின்றது? அதனுள் இருக்கும் மக்னெற்றன், மின்சாரத்தை வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலைகளாக மாற்றுகின்றது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 சதமமீற்றர்; அது விநாடிக்கு 245 கோடி தடவை அதிர்கின்றது. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு முனையில் நேர்மின் இயல்பும் மறுமுனையில் எதிர்மின் இயல்பும் கொண்டது. அலையின் திசை மாறுந்தோறும் அம்மூலக்கூறுகளும் திரும்ப முயன்று ஒன்றோடொன்று மோதுகின்றன. அவ்வியக்கமே வெப்பமாகின்றது. கண்ணாடிக் கிண்ணமும் பீங்கான் கோப்பையும் அலைகளைத் தடையின்றி உட்செல்ல விடுகின்றன. உலோகம் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றது. உணவினுள் அவ்வலைகள் சில சதமமீற்றர் ஆழம்வரை நேரே புகுகின்றன.

இங்கேதான் விறகடுப்புக்கும் இவ்வடுப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. கோழிமுட்டையின் குறுக்களவு நான்கு அல்லது நான்கரைச் சதமமீற்றரே. ஆகவே அலைகள் கோதையும் வெண்கருவையும் கடந்து மஞ்சட்கருவை நேரே சென்று தாக்குகின்றன. வெண்கருவிற் பத்தில் ஒன்பது பங்கு வரையும், மஞ்சட்கருவில் ஏறக்குறையப் பாதியும் நீரே. மஞ்சட்கருவின் மிகுதியிற் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பைச் சூடாக்க நீரைச் சூடாக்குவதிலும் குறைந்த வெப்பமே போதுமாதலின், மஞ்சட்கரு விரைந்து சூடேறுகின்றது.

பானையில் அவியும் முட்டைக்குக் கொதிநீர் ஒரு காவலாளி போன்றது. நீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டுவதில்லை. நீரே அவ்வெல்லையைத் தாண்டாதபோது, அதிலிருந்து வெம்மை பெறும் முட்டையும் தாண்டாது. நுண்ணலை அடுப்பில் அத்தகைய காவல் இல்லை. வெம்மை முட்டையின் உள்ளேயே பிறக்கின்றது. பொத்தான் அழுத்திய நேரம் முடியும்வரை அது மேலும் மேலும் பிறந்துகொண்டேயிருக்கின்றது.

உள்ளே பிறந்த வெம்மை நீரை ஆவியாக்குகின்றது. ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டி நிற்கின்றது. முட்டைக் கோதில் ஆயிரக்கணக்கான நுண்டுளைகள் இருப்பினும், அவை மெல்லிய காற்று சென்று வருதற்கே போதியன. பெருகும் ஆவிக்குப் போதா. இது வன்னி உழவர்க்குப் புதிய செய்தியன்று. நெல்லை வறுத்துப் பொரியாக்கும்போது நிகழ்வதும் இதுவே. உமியினுள் அடைபட்ட ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உமியைப் பிளக்கின்றது. பலாக்கொட்டையைத் தணலிற் சுடுமுன் அதன் தோலைக் கீறிவிடுகின்ற பாட்டிமார், ஆவிக்கு வழிவிட வேண்டும் என்னும் விஞ்ஞான உண்மையைப் பெயர் சொல்லாமலே அறிந்திருந்தனர். கோதோடு நுண்ணலை அடுப்பில் வைத்த முட்டை, விசில் இல்லாத பிறஷர் குக்கரை ஒக்கும்.

இதுவரை கூறியது அடுப்பினுள்ளே நிகழும் வெடிப்பு. கதவு மூடியிருப்பதால் அதனாற் பெரும்பாலும் துடைக்கும் வேலையே மிஞ்சும். உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கின்றது. அடுப்பு நின்றபின், முட்டை அமைதியாக வெளியே வந்தபின், அதனைக் கையில் எடுக்கும்போதோ கத்தி படும்போதோ பல் பதியும்போதோ அது வெடிக்கக்கூடும். கோது நீக்கிய அவித்த முட்டையும் இதற்கு விலக்கன்று. முன்னரே அவித்து ஆறிய முட்டையை மீளச் சூடாக்கும்போது இவ்வாறு நிகழ்ந்தமை பல இடங்களில் அறியப்பட்டுள்ளது.

அமைதியாகத் தோன்றிய முட்டை ஏன் வெடிக்கின்றது? நீர் கொதிப்பதற்கு வெம்மை மட்டும் போதாது. முதற்குமிழி தோன்றுதற்கு ஓர் இடமும் வேண்டும். பானையின் சொரசொரப்பான அடிப்பகுதி அவ்விடத்தை அளிக்கின்றது. இறுகிய மஞ்சட்கருவினுள்ளே நீர் மிகச் சிறிய அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றது. அங்கே குமிழி தோன்றுதற்கு வாய்ப்புக் குறைவு. ஆகவே அந்நீர் 100 பாகையைத் தாண்டிய பின்னும் கொதியாது நீராகவே இருத்தல் கூடும். அது நீறு பூத்த நெருப்புப் போன்ற நிலை. கத்தி முனையோ பல்லோ பட்டவுடன் ஓர் அறை குலைகின்றது. அந்நீர் நொடியில் ஆவியாகின்றது. அவ்வதிர்ச்சியால் அடுத்த அறை குலைகின்றது; அதனால் அதற்கடுத்தது. இவ்வாறு முட்டை முழுவதும் ஒரே கணத்தில் வெடித்துச் சிதறுகின்றது.

இதனை ஆராய்ந்து பார்த்தோரும் உளர். அமெரிக்காவில், உணவகமொன்றில் மீளச் சூடாக்கிய முட்டையைக் கடித்தபோது அது வெடித்து வாய் வெந்ததாகவும் செவிப்புலன் பாதிக்கப்பட்டதாகவும் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அதனையொட்டி அன்ரனி நாஷ், லோரன் வொன் புளோன் என்னும் ஒலியியலார் இருவர் ஏறத்தாழ நூறு முட்டைகளைச் சோதித்தனர். அவித்த முட்டைகளை நீரில் அமிழ்த்தி நுண்ணலை அடுப்பிற் சூடாக்கி, பின் வெளியே எடுத்து, கூரிய வெப்பமானியால் துளைத்தனர். தம் முடிவுகளை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். வெடிப்பின் ஒலி ஓரடித் தொலைவில் 86 முதல் 133 டெசிபெல் வரை இருந்தது. செவியைப் பாதிக்கும் வாய்ப்பு அரிதே என்று அவர்கள் கருதினர். ஆயினும் மஞ்சட்கரு, தன்னைச் சூழ்ந்திருந்த நீரினும் கூடுதலாகச் சூடேறியிருந்ததை அவர்கள் கண்டனர். நீரில் அமிழ்த்தி வைத்தால் தீங்கில்லை என்னும் நம்பிக்கை இதனால் ஐயத்துக்குரியதாயிற்று.

அச்சோதனையில் மற்றோர் உண்மையும் புலனாயிற்று. வெடித்தவை மூன்றில் ஒரு பங்கினும் குறைவே. இது ஆறுதல் தரும் செய்தி போலத் தோன்றும். ஆயினும் அபாயத்தின் வேர் இதிலேதான் இருக்கின்றது. எல்லா முட்டையும் வெடிக்குமாயின் எவரும் இரண்டாம் முறை அவ்வாறு செய்யார். முதல் முறை ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் முறையும் நேரவில்லை. ஆதலால் தன் முறை சரியென்று பிள்ளை துணிகின்றது. எந்த முட்டை வெடிக்கும், எது வெடியாது என்பதை வெளித்தோற்றங் கொண்டு அறிய இயலாது.

வன்னி வீடுகளில் இவ்வபாயம் மறைந்திருக்கும் உணவுகள் சிலவுள. நேற்றைய முட்டைக் குழம்பைச் சூடாக்கும்போது அதில் முழு முட்டை கிடக்கின்றது. கடையில் வாங்கிய புரியாணிப் பொதியினுள்ளே அவித்த முட்டை சோற்றால் மூடுண்டு கிடக்கின்றது; பொதியைப் பிரியாமலே சூடாக்குவோர் அதனைக் காண்பதில்லை. முட்டை அப்பத்தின் நடுவிலும் பொரித்த முட்டையிலும் மஞ்சட்கரு ஒரு மெல்லிய சவ்வினுள் அடைபட்டிருக்கின்றது. அச்சவ்வே ஒரு சிறு கோதாக நின்று ஆவியைத் தடுக்கவல்லது. கொத்து ரொட்டியில் முட்டை சிதைந்து கலந்திருத்தலால் அதில் இவ்வச்சம் இல்லை.

இனி, செய்யத்தக்கன யாவை என்று காண்போம். முதல் விதி எளியது. கோதுள்ள முட்டையை, பச்சையாயினும் அவித்ததாயினும், நுண்ணலை அடுப்பில் வைத்தல் ஆகாது. கோதில் ஊசியால் துளையிடுதல் போதிய காப்பன்று. உள்ளே மஞ்சட்கருவின் சவ்வு துளைபடாமலே இருக்கும். ஈயத்தாள் என மக்கள் வழங்கும் அலுமினியத் தாளிற் சுற்றி வைத்தலும் ஆகாது. உலோகத்தாளின் மடிப்புகளில் தீப்பொறி தோன்றக்கூடும். நுண்ணலை அடுப்பில் முட்டை அவிப்பதற்கென்றே தயாரிக்கப்படும் சில கலங்கள், உள்ளே உலோகப் படலம் உடையனவாய், அலைகள் முட்டையை அணுகாது தடுத்து, நீராவியால் அவிக்கும்படி அமைந்தவை. அவற்றுக்குரிய கைந்நூலின்படியே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

அவித்து ஆறிய முட்டையைச் சூடாக்க மிகச் சிறந்த வழி, நுண்ணலை அடுப்பையே நாடாதிருத்தல். கொதித்து இறக்கிய நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, முட்டையைக் கோதோடு அதில் இட்டு, மூடி, பத்து நிமிடம் விட்டால் போதும். மின்கேத்தல் உள்ள வீட்டில் இதற்கு அடுப்பு மூட்டவும் வேண்டியதில்லை. கொதிநீரைக் கையாளும் வயதடையாத பிள்ளைக்கு இதனைப் பெரியோரே செய்து கொடுத்தல் வேண்டும். ஆறிய முட்டையை அப்படியே உண்பதாயின், அது குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டதாயிருத்தல் நன்று. வெப்பம் மிகுந்த வன்னிப் பகுதியில், அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவைத்தல் தகாது.

நுண்ணலை அடுப்பிலேயே சூடாக்க வேண்டுமாயின், கோதை நீக்கி, மஞ்சட்கரு இரண்டுபடுமாறு நீளவாக்கில் வெட்டி, அதனையும் மீண்டும் இரண்டாக வெட்டி நான்கு துண்டாக்க வேண்டும். பீங்கான் தட்டில் பரப்பி, தளர்வாக மூடி, அடுப்பின் ஆற்றலைப் பாதியாகக் குறைத்து, பத்துப் பதினைந்து விநாடியாகச் சூடாக்க வேண்டும். பின் ஒரு நிமிடம் கதவைத் திறவாது பொறுத்திருத்தல் நன்று. குழம்பாயின், முட்டையை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் சூடாக்கி, அதன்பின் முட்டையை அதில் இடலாம். பொதிச் சோறாயின், முதலிற் பொதியைப் பிரித்து, முட்டையைத் தேடி எடுத்து வெட்டி வைத்தபின், சோற்றைத் தட்டில் இட்டே சூடாக்க வேண்டும்.

பச்சை முட்டையை இவ்வடுப்பிற் சமைக்க விரும்புவோர் அதனை அகன்ற கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, வெண்கருவும் மஞ்சட்கருவும் ஒன்றாகும்படி நன்கு அடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சட்கரு முழுதாக இருக்க வேண்டுமென விரும்பின், முள்ளுக்கரண்டியால் அதன் சவ்வைப் பல இடங்களிற் குத்திவிட வேண்டும். பாதி ஆற்றலில் முப்பது விநாடி வைத்து, எடுத்துக் கிளறி, மீண்டும் முப்பது விநாடி வைத்தல் ஒரே முறையில் இரண்டு நிமிடம் வைப்பதிலும் மேலானது. முட்டை முழுவதும் இறுகியபின் உண்ணுதல் வேண்டும். இளகிய பகுதியில் நோய்க்கிருமிகள் எஞ்சியிருத்தல் கூடும். எவர்சில்வர்க் கிண்ணமும் பொன்வரி தீட்டிய கோப்பையும் இவ்வடுப்புக்கு உரியனவல்ல.

அறியாமையால் யாரேனும் முழு முட்டையை வைத்து இயக்கிவிட்டால், உடனே கதவைத் திறத்தல் கூடாது. சுவரிலுள்ள ஆளியை நிறுத்தி, கதவு மூடியபடியே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆறவிட வேண்டும். அதன்பின்னும் முகத்தை அருகே கொண்டு செல்லாது, துணியால் மூடி எடுத்து, உண்ணாமல் அகற்றிவிடுதலே அறிவுடைமை.

வெடித்துக் காயம் உண்டாயின், வெந்த இடத்தைக் குழாய் நீரின் ஓட்டத்தில் இருபது நிமிடம் பிடித்திருத்தல் வேண்டும். பற்பசை, வெண்ணெய், சாம்பல் முதலியவற்றைப் பூசுதல் தீங்கு பயக்கும். கண்ணிற் கோதுத் துண்டு குத்தியிருப்பதாக ஐயமுண்டாயின், கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ, துண்டைப் பிடுங்கவோ முயலுதல் கூடாது. கண்மீது படாதவாறு ஒரு சிறு கோப்பையால் மறைத்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

இவ்வளவும் கூறியது நுண்ணலை அடுப்பைப் பழிப்பதற்காக அன்று. புகையின்றி, விறகின்றி, சிறிது நேரத்தில் உணவைச் சூடாக்கித் தரும் கருவி அது. வேலையால் களைத்து வீடு திரும்பும் தாய்க்கு அதனால் உண்டாகும் உதவி சிறிதன்று. ஆயினும் விறகடுப்பு தன் அபாயத்தைத் தானே சொல்லிக் கொடுக்கும். அது சிவந்து காட்டும், புகையும், அருகே செல்வோரைச் சுடும். தவழும் குழந்தையும் ஒருநாளில் அதனைக் கற்றுக்கொள்கின்றது. நுண்ணலை அடுப்பு அவ்வாறு எதனையும் சொல்வதில்லை. அது சொல்லாததை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. பயிற்சிக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில், “முட்டையை வெட்டாமல் உள்ளே வைக்காதே” என்று தமிழிற் பெரிய எழுத்தாக எழுதி, அடுப்பின் கதவில் ஒட்டிவிடலாம். அப்பிள்ளையின் கையாலேயே அதனை எழுதுவித்தல் இன்னும் நன்று. பெட்டியினுள்ளே தங்கிவிட்ட ஆங்கிலக் கைந்நூல் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்யும். தாய் வீட்டில் இல்லாத மாலை வேளையிலும் செய்யும்.